முதுசமும் பொறுப்பும்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகைப்படுத்தும். முன்னோர் விட்டுச்சென்றது எது, தானே ஈட்டியது எது என்று தெரிந்தாலன்றி உரிமையையோ பொறுப்பையோ வரையறுத்தல் அரிது. கணினிச் செய்நிரலாக்கத்திலும் மரபுரிமை என்றொரு கோட்பாடு உண்டு. அங்கே இப்பாகுபாடு அத்துணைத் தெளிவாக இல்லை. வணிகக் கணக்குகளில் நேரும் விநோதமான வழுக்கள் சில அத்தெளிவின்மையிலிருந்தே பிறக்கின்றன.

ஒலே-யொஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர் 1960களில் ஒஸ்லோவில் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியிலே, வகுப்பு, அதன் வழிவந்த வகுப்பு என்னும் எண்ணக்கருக்கள் இடம்பெற்றன. தாய் வகுப்பில் எழுதப்பட்டதைச் சேய் வகுப்பு மீண்டும் எழுதாமலே பெற்றுக்கொள்ளும்; வேண்டியதை மாற்றியும் அமைக்கும். உழைப்பு மிச்சமாகிறது. ஆயினும் தாயின் உள்வழக்கங்களும் சொல்லாமலே கூட வந்துவிடுகின்றன.

வங்கியொன்றின் செய்நிரலை உதாரணமாகக் கொள்ளலாம். ‘கணக்கு’ என்னும் தாய் வகுப்பில், ஒரு கொடுக்கல்வாங்கலைப் பதியும் செயல்முறையும் பலவற்றை ஒருங்கே பதியும் செயல்முறையும் உள்ளன. வேறொரு செய்நிரலாளர் ‘கட்டணக் கணக்கு’ என்னும் சேயை உருவாக்கி, பதிவொன்றுக்கு 10 ரூபா அறவிடுமாறு இரண்டையும் மாற்றியமைக்கிறார். மூன்று பதிவுகளை ஒருங்கே இட்டால் 30 ரூபாவுக்குப் பதிலாக 60 ரூபா அறவிடப்படுகிறது. சேயின் வரிகளை எத்தனை முறை படித்தாலும் பிழை தென்படாது. அழைப்புகள் செல்லும் வழியைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால், தாயின் தொகுதிப் பதிவு உள்ளே ஒற்றைப் பதிவை மும்முறை அழைப்பதும், அவ்வழைப்பு சேய் மாற்றியமைத்த செயல்முறைக்கே வந்து சேர்வதும் புலனாகும். தொகுதிப் பதிவிலிருந்து கட்டணத்தை நீக்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

சிக்கல் அதன் பின்னரே. ஓராண்டு கழித்துத் தாயின் ஆசிரியர், வேகம் கருதி, ஒற்றைப் பதிவை அழைக்காமலே தொகுதிப் பதிவை எழுதிவிடுகிறார். அவருடைய வகுப்பு முன்போலவே செவ்வனே இயங்குகிறது. சேயில் ஓரெழுத்தும் மாறவில்லை; எனினும் தொகுதிப் பதிவுகளுக்குக் கட்டணமே அறவிடப்படுவதில்லை. வழுச்செய்தி எதுவும் தோன்றாது. கணக்காய்வாளர் கண்டுபிடித்த பின்னர் விளக்கம் கேட்கப்படுபவர் பெரும்பாலும் சேயின் ஆசிரியரே.

தவறு வெளிப்பட்ட இடமும் பிறந்த இடமும் ஒன்றாகுமா? சொல்லப்படாத வழக்கத்தை நம்பியது சேயின் குற்றம் என்பர் ஒரு சாரார். அவ்வாதம் பாதியே பொருந்தும். தாயின் இடத்தில் சேயை வைத்தாலும் தாயை நம்பியோர் ஏமாறலாகாது என்னும் கருத்தை பாபரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்தார். அது சேய்க்குரிய கடமை. தாய்க்குரிய கடமையோ அவ்வளவு பேசப்படுவதில்லை. பிறர் தன்மீது கட்டியெழுப்புவர் என்று அறிந்தே ஒருவர் வகுப்பைத் திறந்துவைக்கிறார். அடைக்கும் வழியும் அவர் கையிலேயே உண்டு. யாவா மொழியில் ‘ஃபைனல்’ என்னும் ஒரு சொல்லே போதும். மரபுரிமைக்கென ஆவணப்படுத்தாத வகுப்பை அடைத்துவிடுவதே முறை என ஜோசுவா புளொக் 2001இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். திறந்தும் வைத்து, உள்வழக்கத்தை மறைத்தும் வைத்தவர் பொறுப்பிலிருந்து முற்றாக விலகிக்கொள்ள முடியாது.

மரபுரிமையையே தவிர்த்து, ‘கணக்கை’ ஒரு தனிப் பொருளாக உள்ளே வைத்துக்கொண்டு பணிகொள்ளும் முறையும் உண்டு. அப்போது கணக்கின் உட்புறம் எவ்வாறு மாறினும் மூன்று பதிவுகளுக்குக் கட்டணம் 30 ரூபாவே. எழுத்துவேலை சற்றுக் கூடும். அதனாலேயே பலர் அதனை நாடுவதில்லை.