விழுந்தவரை விட்டு நடக்கலாமா?

1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். "ரெண்டு பேருமே நம்ம ஆளுங்க" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வார இறுதி வந்தால் நூவாங் மலை, புக்கிட் தாபோர் என்று கூட்டமாகக் கிளம்புகிறோம். சிலர் முக்திநாத், கயிலாயம் வரைக்கும் போய் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கிளம்பும் முன் நாம் பேசாத ஒரு கேள்வி இருக்கிறது: கூட வந்தவர் விழுந்தால் நமக்கு என்ன கடமை?

இந்தக் கேள்வி மகாபாரதத்திலேயே இருக்கிறது. கடைசிப் பயணத்தில் பாண்டவர்கள் இமயம் ஏறுகிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அவளுக்கு அர்ச்சுனன் மேல் கூடுதல் பற்று என்று காரணம் சொல்லிவிட்டு, தர்மர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒவ்வொருவராக விழுகிறார்கள். இதை வைராக்கியம் என்று உபன்யாசங்களில் கேட்டிருப்போம். ஆனால் அது வீடு திரும்பப் போகும் பயணம் இல்லையே! எல்லாவற்றையும் துறந்து, உயிரை விடவே கிளம்பிய பயணம். திங்கட்கிழமை விரிவுரைக்கு வரவேண்டிய நமக்கு அந்த விதி பொருந்தாது என்பது என் கருத்து.

உத்தராகண்டில் அந்தத் திரௌபதியின் பெயரிலேயே ஒரு மலை உண்டு, 'திரௌபதி கா தண்டா'. 2022 அக்டோபர் 4ஆம் நாள், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றக் கழகத்தின் மாணவர்கள் அங்கே பயிற்சிக்காக ஏறியபோது பனிச்சரிவில் சிக்கினார்கள். 29 பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே வருடம் மே மாதம்தான் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டும் மக்காலுவும் ஏறி முடித்தவர். அவரே போய்விட்டார் என்றால் பயிற்சி எதற்கு, எல்லாம் தலைவிதிதானே என்று சிலர் கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள்.

பனிச்சரிவுப் பயிற்சியில் உண்மையில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சரிவின் கோணம் பார்ப்பது ஒன்று; பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் நடக்கின்றன. ஆனால் என்னை உலுக்கியது வேறு. ஒவ்வொருவரும் உடம்பில் 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பும் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக்கொள்கிறார்கள். பனி சரிந்தால், தப்பியவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் சைகையைப் பிடித்து, நீண்ட கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்ட வேண்டும். நின்றுபோன பனி சிமெண்டு மாதிரி இறுகிவிடும். புதைந்தவரால் பெரும்பாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் இருப்பவர்தான் எல்லாம்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கருவியால் தேடக் கற்றுக்கொண்டவர் புதைந்துவிட்டால், அந்தத் திறமை அவருக்கே உதவாது. அது முழுக்க முழுக்க அடுத்தவருக்கானது. அவர் பிழைப்பது நீங்கள் கற்றதால், நீங்கள் பிழைப்பது அவர் கற்றதால். அப்படியென்றால் "நான் ரிஸ்க் எடுக்கிறேன், என் உயிர், உனக்கென்ன?" என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. பயிற்சி பெறாமல் ஒரு குழுவோடு போகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. கர்ம வினையை நம்புகிறவர்களும் இதை மறுக்க முடியாது என்றே நினைக்கிறேன். விழுவது வினையாக இருக்கலாம், தோண்டத் தெரியாமல் பக்கத்தில் நிற்பது யாருடைய வினை?

கருணை மட்டும் போதாது என்பதும் அந்தப் பயிற்சியிலேயே இருக்கிறது. சரிவு நின்றவுடனே ஓடக்கூடாது. இன்னொரு சரிவு வருமா என்று பார்க்கணும், எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணணும். நம்ம ஊர் நீர்வீழ்ச்சிகளில் என்ன நடக்கிறது? ஒருவர் மூழ்க, நீச்சல் தெரியாத நண்பர் குதிக்க, இருவருமே போய்விடுகிறார்கள்.

'இங்கேதான் பனியே இல்லையே' என்பீர்கள். கெப்பாலா ஆயர் இருக்கிறது. மேலே பெய்த மழை கீழே வெயிலில் குளிப்பவரை அடித்துக்கொண்டு போகும். மண்சரிவும் இருக்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலி முகாமில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

எங்கள் குழுவின் அடுத்த மலையேற்றத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டபடி இரண்டு மணி நேரம் கூடிப் பேசினோம். அதில் முக்கால்வாசி நேரம் டி-சர்ட் என்ன நிறம் என்பதற்கே போனது. முதலுதவி வகுப்புக்குப் பெயர் கேட்டேன். ஏழு பேர் கொடுத்தார்கள். தங்கச்சிகள்தான் அதிகம், அண்ணன்மாருக்கு எல்லாம் தெரியுமாம்!

கிள்ளானில் எங்களுக்குச் சமய வகுப்பு எடுக்கும் ஐயாவிடம் தர்மரைப் பற்றிய என் கருத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "தர்மர் திரும்பலதான் தம்பி. ஆனா ஒவ்வொருத்தர் விழும்போதும் பீமன் கேட்டான் பாரு, அத யாரும் பேசுறதில்ல" என்றார். கடைசிவரை கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று அதே தர்மர்தானே சொன்னார் என்றும் கேட்டேன். அதற்கு அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறார்.