நகராத சைக்கிள்

ஜூன் மாதம் இடுக்கி மலைகளில் சைக்கிளை வெளியே எடுப்பவர்கள் குறைவு. மாதம் பிறக்கும்போதே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் ரோட்டோரம் மண் இறங்கத் தொடங்கும். மூணாறு கேப் ரோடு மண்சரிவில் அடைபட்டு, போக்குவரத்தே நின்ற மழைக்காலங்கள் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் மழையைவிடக் காற்றுதான் பெரிய ஆள். கணவாய்க்குள் புகுந்து வரும் மேற்குக் காற்று, கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையாருக்குப் போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

அதே ஜூன் மாதத்தில்தான் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ நடக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொடங்கிக் கிழக்குக் கரையில் முடியும் சைக்கிள் பந்தயம் அது. தூரம் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். 1982இல் நான்கே பேர் ஓட்டிய போட்டி இன்று உலகம் முழுக்க ஆட்களை இழுக்கிறது. தனி ஆளாக ஓட்டுகிறவருக்குச் சுமார் 12 நாள், அணியாக மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்குச் சுமார் 9 நாள் கெடு. தூங்கினாலும் சாப்பிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். நாசிக்கைச் சேர்ந்த மருத்துவர்களான மகாஜன் சகோதரர்கள், ஹிதேந்திராவும் மகேந்திராவும், 2015இல் இருவர் அணியாக இதை 9 நாளுக்குள் முடித்தார்கள். 2017இல் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், தனியாக ஓட்டி முடித்த முதல் இந்தியர் ஆனார். எடுத்துக்கொண்ட நேரம் 11 நாள் 18 மணி 45 நிமிடம். இரண்டரை மணி நேரத்துக்குள் நாக்பூரின் அமித் சமர்த்தும் வந்து சேர்ந்தார்.

இப்படி ஓர் அணி எங்கோ பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டிருக்க, அதற்குத் துணையாக ஒருவர் தன் வீட்டு அறையில் தினமும் ஒரு மணி நேரம் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தை, மிதிப்புக்கு எதிர்ப்புத் தரும் டிரெயினர் கருவியில் மாட்டிய சைக்கிளாக இருக்கலாம், சாதாரண எக்சர்சைஸ் சைக்கிளாகவும் இருக்கலாம். அந்த மிதிப்பால் அணிக்கு ஓர் அங்குலம்கூடக் கூடப்போவதில்லை. பிறகு எதற்கு அது?

முதலில் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். சிறுவயதில் அப்பாவின் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் ஏறி வெறும் சக்கரத்தைச் சுழற்றாதவர் நம்மில் யார்? அதில் எதிர்ப்பே கிடையாது, விளையாட்டு மட்டும்தான். டிரெயினர் அப்படியில்லை. ரோட்டில் இறக்கம் வரும், கால் ஓய்வெடுக்கும். வளைவில் உடம்பு சாயும், இருக்கையின் அழுத்தம் மாறும். அறைக்குள் இவை எதுவும் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். மனித உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடாகி, தோல் வழியே வெளியேறியாக வேண்டும். ரோட்டில் எதிர்க்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அறையில் மின்விசிறியை நேரே திருப்பி வைத்தாலும் தரையில் வியர்வை சொட்டும். ஒரு மணி நேரம் 100 வாட் அளவில் விடாமல் மிதித்தால் கிடைப்பது 0.1 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலை. இவ்வளவு பாடுக்கு அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வீட்டு மிதிப்பு வீண் வேலை. ஆனால், துணை நிற்பதை நம் ஊர்கள் ஒருபோதும் யூனிட்டில் அளந்ததில்லை. வீட்டில் ஒருவர் மாலை போட்டுச் சபரிமலைக்குக் கிளம்பினால், அவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் அந்தியில் விளக்கு ஏறும். குமுளி தாண்டி, புல்மேடு வழியாக நடக்கிறவரின் காலுக்கு அந்த விளக்கு வெளிச்சம் காட்டாது. அது வீட்டில் இருப்பவர்களின் நாளை ஒழுங்குபடுத்துகிறது. போனவரை ஒவ்வொரு மாலையும் ஒருமுறை நினைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நினைப்பு தானாக நிலைத்து நிற்காது, அதற்கு நேரம் குறித்த ஒரு செயல் வேண்டும். சைக்கிளில் ஏறி உட்காரும் அந்த ஒரு மணி நேரமும் அத்தகைய ஏற்பாடுதான்.

அறைக்குள் மிதிப்பது ரோட்டைத் தொடாது என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது. ஆஸ்திரேலிய சைக்கிள் பந்தய வீரர் மேத்யூ ஹேமன் தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியை மற்றவர்களுக்கு உதவுவதிலேயே கழித்தவர். அணித்தலைவருக்குக் காற்றை மறைத்து முன்னால் ஓட்டுவதும் தண்ணீர் பாட்டில் சுமந்து வந்து கொடுப்பதும் அவர் வேலையாக இருந்தது. 2016 பிப்ரவரி கடைசியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் பாரிஸ்–ரூபே பந்தயம். ரோட்டில் ஓட்ட முடியாத வாரங்களில் அவர் வீட்டுக்குள்ளேயே டிரெயினரில் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று, கருங்கல் பாவிய ரோடுகளையெல்லாம் கடந்து, அந்தப் பந்தயத்தை நான்கு முறை வென்றிருந்த டாம் போனனைக் கடைசி ஓட்டத்தில் முந்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 37. காலமெல்லாம் துணை நின்ற ஒருவரின் பெயர் அன்று முதல் வரியில் வந்தது. சைக்கிள் பந்தய வரலாற்றில் இதைப் போல மனதை நிறைக்கும் நாள் அதிகமில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புனேயில் இருக்கிறது. கொரோனா காரணமாக 2020இல் அமெரிக்கப் பந்தயம் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக அவரவர் இடத்திலிருந்தே டிரெயினரில் மிதிக்கும் மெய்நிகர் போட்டி நடந்தது. ராணுவ அதிகாரி பரத் பன்னு புனேயில் இருந்தபடியே ஏறக்குறைய 12 நாள், 4,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, மூன்றாம் இடத்தில் முடித்தார். சைக்கிள் ஓர் அடி நகரவில்லை. ஆனால் தூக்கமின்மை நிஜம், வலியும் நிஜம். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, தூங்க வைத்து, எழுப்பிவிட அங்கேயும் ஆட்கள் வேண்டியிருந்தது.

துணையின் தரம் தெரிவது இங்கேதான். அமெரிக்க ரோட்டில் இரவு நேரத்தில் ஓட்டுநரின் பின்னாலேயே ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. அந்த வண்டியில் இருப்பவர்கள் வழி பார்ப்பார்கள், சோறு பிசைவார்கள், தசை பிடித்துவிடுவார்கள், தூங்கி வழிகிறவரோடு பேசிக்கொண்டே வருவார்கள். வீட்டில் மிதிப்பவரை அவர்களுக்குச் சமமாக வைப்பது நியாயமில்லை. அவரால் முடிவது வேறு. பந்தயத்தில் ஓடுகிறவர்களின் இருப்பிடம் இணைய வரைபடத்தில் தெரியும். இங்கே காலை ஐந்தரை மணிக்கு ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் கிளம்பும்போது, கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஐந்து. 40 டிகிரி வெயிலில் காய்ந்த பாலைவனத்தை ஓட்டுகிறவர் இன்னும் தாண்டியிருக்க மாட்டார். சில நாளில் அந்தப் புள்ளி ராக்கி மலையில் 3,300 மீட்டர் உயரமுள்ள உல்ஃப் கிரீக் கணவாயில் ஏறும், பிறகு கான்சாஸின் பக்கக்காற்றில் தவிக்கும். வாளையார்க் காற்று தெரிந்தவருக்குக் கான்சாஸைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. போடியிலிருந்து போடிமெட்டு ஏறியவருக்கு உல்ஃப் கிரீக்கும் அப்படித்தான். அன்றைக்குத் தானும் மிதித்துவிட்டு வந்து பார்க்கிறவருக்கு, புள்ளி மூன்று மணி நேரம் அசையாமல் நின்றால் அடிவயிற்றில் பதறும். வேடிக்கை பார்க்கிறவர் அதற்குள் வேறு பக்கத்துக்குப் போயிருப்பார்.

புள்ளி ஒரேயடியாக நின்றுவிடவும் கூடும். வயிறு கெட்டோ, கழுத்து நிமிராமலோ, கெடு தாண்டியோ பலர் பாதியில் இறங்குகிறார்கள். வீட்டில் மிதிப்பவருக்கு அன்றுதான் சோதனை. அணி விலகிவிட்டது, இனி எதற்கு என்று கால் கேட்கும். மறுநாளும் ஏறி உட்காருகிறவர்தான் உண்மையாகத் துணை நின்றவர். வெற்றிக்காக மட்டும் மிதித்திருந்தால் அது பந்தயம் கட்டியதைப் போல ஆகியிருக்கும்.

இந்தப் பழக்கத்தின் பலன் அமெரிக்காவுக்குப் போகாவிட்டாலும் நம் ரோட்டுக்கு வந்து சேர்கிறது. இந்தியாவில் இப்போது 200, 300, 400, 600 கிலோமீட்டர் ‘பிரெவே’ என்னும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்கள் நடக்கின்றன. 200க்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு, 600க்கு 40 மணி. கூடவே உதவி வண்டி வரக் கூடாது, குறித்த நிலையங்களில் மட்டும் உதவி பெறலாம். இடையில் நம்பியிருப்பது வழியோரக் கடைகளைத்தான். டிரெயினரில் ஒரு மணி நேரம் வியர்த்தவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு குமுளி மலையில் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் எழுந்து நின்று மிதிக்கிறவரின் சைக்கிள் ஏன் இப்படியும் அப்படியும் ஆடுகிறது என்பது அவருக்குத் தெரியும். ஹாரன் அடிக்காமல், வளைவு முடியும்வரை பின்னாலேயே வருவார். மறையூர் சாலையில் இருட்டுகிற நேரத்தில் சின்னாறு நோக்கிப் போகிறவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, யானை நடமாட்டத்தைச் சொல்லி, இரவு தங்க இடம் காட்டுவார்.