‘ஆக்சிடென்ட்’னு எழுதுங்க சார்

கோடம்பாக்கம் பாலம் இறங்குகிற இடத்தில், போன மாதம் ஒரு தள்ளுவண்டிப் பழக்காரரை என் பைக்கால் இடித்துவிட்டேன். எனக்கு ஹெட்லைட் போச்சு. அவருக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல். வரிசை தப்பாக இருக்கிறது, தெரியும். ஆனால் அன்றைக்கு என் மனசு யோசித்தது இந்த வரிசையில்தான்.

சர்வீஸ் சென்டரில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ஃபாரம் நீட்டினார்கள். ‘டிஸ்கிரிப்ஷன் ஆஃப் ஆக்சிடென்ட்’ என்று ஒரு கட்டம். நான் பேனாவைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பையன், “பெடஸ்ட்ரியன் சடன்லி கிராஸ்டுன்னு எழுதுங்க சார். எல்லாரும் அதான் எழுதுவாங்க” என்றான். எழுதிவிட்டேன். எழுதின பிறகுதான் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. அந்த மனிதர் எங்கேயும் கிராஸ் பண்ணவில்லை. ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான்தான் சட்டைப் பையில் உதறிய செல்போனை எடுத்து, யார் என்று பார்த்தேன். ரெண்டு செகண்ட் இருக்கும்.

கட்டத்துக்குள் நான் எழுதியது பொய். அதில் சந்தேகமே இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது கட்டத்துக்கு மேலே அச்சடித்திருந்த வார்த்தை. நடந்தது ‘ஆக்சிடென்ட்’தானா?

ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் ஜே.எல்.ஆஸ்டின் 1956-ல், சாக்குப்போக்குகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். சாக்கு சொல்வதற்கு மனுஷன் எந்தெந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்கிறான் என்பதுதான் விஷயம். அதன் அச்சு வடிவத்தில், அடிக்குறிப்பாக ஒரு கழுதைக் கதை வரும். உங்களுக்கு ஒரு கழுதை, எனக்கு ஒரு கழுதை. ரெண்டும் ஒரே நிலத்தில் மேய்கின்றன. என் கழுதை எனக்குப் பிடிக்காமல் போய், துப்பாக்கியோடு போய்ச் சுடுகிறேன். கிட்டே போனால், செத்தது உங்களுடையது. ஆள்மாறாட்டம். இது ‘மிஸ்டேக்’. இன்னொரு விதம்: சரியாக என் கழுதையைத்தான் குறி பார்க்கிறேன், சுடுகிற நேரத்தில் ரெண்டும் நகர்ந்துவிட, உங்களுடையது விழுகிறது. இது ‘ஆக்சிடென்ட்’.

ரெண்டிலும் உங்கள் கழுதை செத்தது செத்ததுதான். ரெண்டிலும் எனக்கு அந்த எண்ணம் கிடையாது. ஆனால் முதலாவதில் கோளாறு என் பார்வையில். அடுத்ததில் கோளாறு வெளியே. பி.காம். படித்தபோது ஆடிட்டிங் வகுப்பில் ‘எரர்’, ‘ஃப்ராடு’ என்று ரெண்டே டப்பாதான் வைத்திருந்தார்கள். தெரியாமல் செய்தால் இது, தெரிந்தே செய்தால் அது. தவறுக்கும் தப்புக்கும் நம் ஆட்கள் சொல்கிற வித்தியாசமும் அதேதான். தெரியாமல் செய்ததற்குள்ளேயே இத்தனை உள்ளறைகள் இருப்பது எனக்குக் கழுதை மூலமாகத்தான் புரிந்தது.

சரி, என் கதையில் நகர்ந்த கழுதை எது? ஒன்றும் நகரவில்லை. வேறு யாரையோ இடிக்கப் போய் இவரை இடிக்கவும் இல்லை. மிச்சமிருப்பது ‘நெக்ளிஜென்ஸ்’. தமிழில் கவனக்குறைவு என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவு மாதிரி, டானிக் குடித்தால் சரியாகிவிடும் என்கிற தொனி அதில் இருக்கிறது. நம்ம போலீஸ் எஃப்.ஐ.ஆரில் ‘அஜாக்கிரதை’ என்று எழுதுவார்கள். கேட்க நாராசமாக இருந்தாலும் அதுதான் பொருந்துகிறது.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-வது பிரிவு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 18-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. விபத்தால் நடந்தது குற்றமாகாது என்கிறது. ஆனால் சட்டபூர்வமான காரியமாக இருக்க வேண்டும். சட்டபூர்வமான வழியில், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்திருக்க வேண்டும். அதாவது, எல்லாக் கவனத்தையும் செலுத்திய பிறகும் நடந்தால்தான் அந்த வார்த்தை நமக்குச் சொந்தம். நாம் என்னடாவென்றால் இடித்த மறுநிமிஷமே இலவச இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்கிறோம்.

இங்கிலீஷ்காரர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கிறது. ‘பிஎம்ஜே’ என்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழ், தடுத்திருக்கக்கூடிய காயங்களுக்கு ‘ஆக்சிடென்ட்’ என்ற பெயர் எதற்கு என்று 2001-ல் அந்த வார்த்தையையே தடை செய்தது. எனக்கு அது கொஞ்சம் ஓவராகப் படுகிறது. நாய் குறுக்கே பாயத்தான் பாயும். 2013-ல் நியூயார்க் போலீஸ், ‘ஆக்சிடென்ட்’ புலனாய்வுக் குழுவின் பெயரை ‘கொலிஷன்’ என்று மாற்றியது. 2016-ல் ஏ.பி. செய்தி நிறுவனம், அலட்சியம் என்ற புகார் இருக்கும் இடத்தில் ‘ஆக்சிடென்ட்’ வேண்டாம், அது பழியைத் துடைத்துவிடுவது போலத் தொனிக்கும், ‘க்ராஷ்’ என்றோ ‘கொலிஷன்’ என்றோ எழுதுங்கள் என்று நிருபர்களுக்குச் சொன்னது. இந்த ரெண்டு வார்த்தைகளும் தீர்ப்புச் சொல்வதில்லை. இடித்தது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. தமிழில் ‘மோதல்’ என்று போட்டால் ரெண்டு கட்சிக்காரர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. என்ன செய்வது!

நானும் இத்தனை வருஷத்தில் எவ்வளவு எழுதித் தள்ளியிருப்பேன். ‘கட்டுப்பாட்டை இழந்த லாரி.’ ‘எதிர்பாராதவிதமாக மோதியது.’ லாரி என்னவோ தானே சாவி போட்டுக் கிளம்பிப் போன மாதிரி. அடிபட்டவருக்கு ஊர், வயது எல்லாம் இருக்கும். ஓட்டினவருக்கு எழுவாயாக இருக்கிற பாக்கியம்கூடக் கிடையாது.

இன்னும் விசேஷம், அடிபட்டவருக்கே ஒரு பெயர் வைப்பது. கார்கள் பெருகிய காலத்தில் அமெரிக்காவில் ‘ஜேவாக்கர்’ என்ற வார்த்தை பரவியது. ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். ரோட்டில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று கேலி. 1920-களில் கார் ஓட்டுகிற தரப்பு அதைத் தூக்கிப் பிடித்தது. அதுவரை எல்லாருக்கும் பொதுவாக இருந்த தெருவில், நடந்து போகிறவன் குற்றவாளி ஆனான். நம்ம மெட்ராஸில் அதற்கு ‘சாவுகிராக்கி’. “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்பது அதன் விரிவுரை. நானும் கத்தியிருக்கிறேன். ‘பெடஸ்ட்ரியன் சடன்லி கிராஸ்டு’ என்று ஃபாரத்தில் எழுதியது அதையேதான், மரியாதையான இங்கிலீஷில்.

ஃபாரம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. ஹெட்லைட்டைச் சொந்தக் காசில் மாற்றிக்கொண்டேன்.

பழக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். அதே இடத்தில், காலில் கட்டோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை அவர் சம்சாரம் பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்-ரே செலவு, கட்டுச் செலவு, வண்டி ஓடாத நாட்களின் கணக்கு என்று கேட்டு, கொண்டுபோன பணத்தைக் கொடுத்தேன். வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

“ஆக்சிடென்ட்தானே தம்பி, யாரை நோவறது?” என்றார்.

எழுந்து வந்திருக்கலாம். “இல்லீங்கய்யா, நான் போனைப் பார்த்துக்கிட்டு வந்தேன்” என்றேன்.

“தெரியுமே” என்றார். “நான்தான் பார்த்தேனே.”