வீடு மாறினால் பள்ளியும் மாற வேண்டுமா?

வீட்டை மாற்றுவது பெரியவர்களின் முடிவு. வாடகை, வேலை, பாகப்பிரிவினை எனக் காரணங்கள் நம்முடையவை. பிரிவின் சுமையோ குழந்தையின் தோளில் விழுகிறது. ஆறு வயதுப் பிள்ளை தானே தேடிக்கொண்ட முதல் உறவு, பக்கத்தில் அமரும் தோழன் அன்றோ?

காரைக்காலை அடுத்த தருமபுரத்திலிருந்து ஒரு குடும்பம் நாகூருக்குப் பெயர்வதாகக் கொள்வோம். வாஞ்சூரைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது. புதுவை அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாநிலப் பாடத்திட்டமே நடைமுறையில் உள்ளது. ஆகவே பள்ளி மாறினால் புத்தகமும் மாறுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இடம்பெயரும் குழந்தைக்கு வேறு அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ சேரும் உரிமையைத் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. மாறியே தீர வேண்டும் என்று அது கூறவில்லை. அம்முடிவு நம் மனச்சான்றைச் சார்ந்தது.

பழைய பள்ளியிலேயே வைத்திருப்பது எப்போதும் அன்பாகிவிடாது. விடியலில் வண்டியேறி அந்தியில் திரும்பும் பிள்ளைக்குப் புதிய தெருவில் தோழர் வாய்ப்பதரிது. பள்ளியின் பெயரால் நமக்கு வரும் பெருமையைக் காத்துக்கொண்டு, அதைக் குழந்தையின் நட்புக்காக என்று சொல்லிக்கொள்வது தகாது.

கல்வியாண்டின் இடையில் பிடுங்கி நடாதிருத்தல் நன்று. ஆண்டு முடிந்தபின், நடந்து செல்லும் தொலைவில் நல்ல பள்ளி இருக்குமாயின் மாற்றுவதே முறை. அப்போதும் விடைபெற நாள் கொடுத்து, காரணத்தைக் குழந்தையிடமே சொல்லி மாற்றுவோம். வயதில் சிறியவர் என்பதற்காக அதை அறியும் உரிமை அவருக்கு இல்லாமற் போய்விடாது.