ஐயா, எனக்கு ஒரு டவுட்!





மேலூரில் எங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு வாலிபத் தம்பி என்னிடம் வந்து, "ஐயா, எனக்கு ஒரு டவுட்" என்றான். அவனுடைய தாயாருக்காகச் சபையாய் உபவாசமிருந்து ஜெபித்திருந்தோம். சுகம் நிச்சயம் என்று நானே பிரசங்கபீடத்தில் நின்று சொன்னேன். அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. "ஏன் ஐயா சுகம் வரலை?" என்றான். நானோ, "தம்பி, சந்தேகம் பிசாசின் வேலை. துதி, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவன் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

பிரியமானவர்களே, டியூஷனில் நம்ம பிள்ளைகள் "சார், ஒரு டவுட்" என்றால், விளங்கவில்லை, சொல்லித்தாங்க என்று அர்த்தம். ஆங்கிலேயன் அதே வார்த்தையைச் சொன்னால், எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். தம்பி பேசியது டியூஷன் டவுட். என் காதில் விழுந்ததோ அவிசுவாசம்!

இந்த வார்த்தையை எபிரெய பாஷையில் எப்படிச் சொல்வது? இன்றைய யூதர் 'சாஃபேக்' என்பார்கள். ஆனால் பழைய ஏற்பாட்டில் அந்த அர்த்தத்தில் அது வருகிறதில்லை. உபாகமம் 28:66-ஐப் பாருங்கள். 1611-ம் வருஷத்து ஆங்கில வேதாகமத்தில் அங்கே டவுட் என்று இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்திலும் சந்தேகம் என்று இருக்கிறது. எபிரெய மூலத்திலோ அந்தச் சொல்லே இல்லை! ஜீவன் கண்ணுக்கு முன்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும் என்றுமட்டுமே இருக்கிறது. தொங்குகிறவனைத் திட்டுவீர்களா, கைகொடுத்துத் தாங்குவீர்களா?

'ஊலை' என்று இன்னொரு எபிரெயச் சொல் உண்டு. ஒருவேளை என்று அர்த்தம். ஆதியாகமம் 18-ல் ஆபிரகாம் சோதோமுக்காக மன்றாடும்போது, ஐம்பதில் தொடங்கிப் பத்து வரைக்கும் ஆறுதரம் இந்தச் சொல்லைச் சொல்லுகிறார். தேவன் ஒருதரமாவது கோபித்தாரா? இல்லையே! யோனத்தானும் இதே 'ஊலை'யைச் சொல்லிக்கொண்டுதான் பெலிஸ்தரின் தாணையத்துக்கு ஏறிப்போனான் (1 சாமு. 14:6). நம்ம மேலூர்ப் பக்கத்து ஒருபோக விவசாயிக்கு இது நல்லாப் புரியும். பெரியாறு கால்வாயில் தண்ணி எப்போ வரும்னு நிச்சயம் தெரியாமலே வயலை உழுது வைக்கிறாரே!

அப்படியானால் யாக்கோபு 1:6 சந்தேகப்படாமல் கேட்கச் சொல்லுகிறதே என்பீர்கள். மெய்தான். ஒரு காலைத் தேவனிடத்திலும் மறு காலை வேறிடத்திலும் வைக்கிற இருமனமுள்ளவனை அப்போஸ்தலன் எச்சரிக்கிறார். ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கலாம், அவர் கடிந்துகொள்ளமாட்டார் என்கிறது. தேவன் கடிந்துகொள்ளாதவனை நான் கடிந்துகொண்டேன்!

விசுவாசத்துக்கு எபிரெயத்தில் 'எமுனா' என்பார்கள். நாம் சொல்லுகிற 'ஆமென்' பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். யாத்திராகமம் 17:12-ல் மோசேயின் கைகள் அசையாமல் நின்றதைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. அந்தக் கைகள் தானாகவா நின்றன? தளர்ந்துபோன கைகளை ஆரோன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் பிடித்துத் தாங்கினார்கள். தளர்ந்துபோனதற்காக மோசேயை அவர்கள் குற்றஞ்சாட்டவில்லை.

நான் அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். "சுகம் நிச்சயம்னு நான் சொன்னது தப்பு தம்பி. ஏன் வரலைன்னு எனக்கும் தெரியலை" என்றேன். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அழுதோம். அவன் கேள்விக்கு இன்னும் என்னிடத்தில் பதில் இல்லை. முன்னே அவன் தனியாகக் கேட்டான். இப்போது இருவரும் சேர்ந்து தேவனிடத்தில் கேட்கிறோம்.

உங்கள் வீட்டிலும் சபையிலும் யாராவது "எனக்கு ஒரு டவுட்" என்றால் வாயை அடைக்காதிருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், கையைத் தாங்குங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, தொங்குகிறவர்களைத் தாங்கும் கைகளாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்!