அப்ரூவ் கொடுத்தவர்

மென்பொருள் பழுதாகி வெளியில் யாருக்காவது பாதிப்பு வந்தால், ஓரிரு நாளில் எங்கள் நிறுவனத்தில் ஒரு கூட்டம் போடுவார்கள். போஸ்ட்மார்ட்டம் என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டத்துக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று எவ்வளவு வேண்டுமானாலும் கிளறலாம். யார் செய்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அறிக்கையிலும் பெயர் வராது. படிப்பின் கடைசி ஆண்டு முழுவதையும் சோழிங்கநல்லூரில் உள்ள அந்த அலுவலகத்தில் இன்டர்னாகக் கழித்தேன். கூட்டங்களில் குறிப்பெடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். செய்தவரை விடாமல் பற்றுவது வினை என்று கேட்டு வளர்ந்தவள். செய்தவர் இல்லாத வினை என்ற ஒன்று எங்கள் வீட்டுப் பேச்சிலேயே கிடையாது. அதனால் பெயரில்லாத அந்த அறிக்கைகளை எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது: பலர் கைபட்டு, எவர் கையாலும் அல்லாமல் நடந்த ஒரு தீங்கின் வினை யாரைச் சேரும்?

ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். சிறுகடன் தரும் நிதி நிறுவனங்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். கடன் வாங்குகிறவர்கள் மகளிர் குழுக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், தையல் மிஷின் வைத்திருப்பவர்கள். மாதம் 5-ஆம் தேதி அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகக் கழியும். ஒரு மாதம் பலருக்கு அது இரண்டு தடவை போனது.

காரணத்தைத் தேடிப் போனால் அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. வங்கிக்கு அனுப்பிய கோரிக்கைக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று ஒரு ரீட்ரை வரி. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. அவர் எழுதிய காலத்தில் காத்திருக்கும் நேரம் தாராளமாக இருந்தது, சிக்கல் எழவில்லை. பிற்பாடு வேறொரு குழு, திரை அப்படியே நின்றுவிடுகிறது என்ற புகாரைத் தீர்க்க அந்த நேரத்தைக் குறைத்தது. டெஸ்ட் சர்வரில் பதில் உடனுக்குடன் வந்துவிடும், ஆகவே சோதனைகள் எல்லாம் தேறின. 5-ஆம் தேதி வங்கிப் பக்கம் நெரிசல். முதல் கோரிக்கை அங்கே நிறைவேறிக்கொண்டிருக்கையில் இங்கிருந்து இரண்டாவது கிளம்பிவிட்டது. இரண்டும் ஒரே தவணைதான் என்று வங்கிக்கு அடையாளம் காட்டும் எண் எதையும் எங்கள் மென்பொருள் சேர்த்து அனுப்பவில்லை.

கிட் என்ற கருவியில் ஒரு கட்டளை உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் திருத்தியவர் பெயரையும் தேதியையும் காட்டும். அன்று அதை ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. தனியாக எடுத்துப் பார்த்தால் அவரவர் செய்த திருத்தம் நியாயமானதுதான்.

யார் என்று கேட்காத விதியை நான் மதிக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்டனை பயம் இருக்கும் இடத்தில் ஆட்கள் உண்மையை மறைப்பார்கள். மறைத்தால் அதே விபத்து திரும்ப வரும். விமானிகள் தங்கள் தவறுகளைப் பெயர் வெளிவராமல் தெரிவிக்க அமெரிக்காவில் 1976-இல் நாசா ஓர் ஏற்பாட்டை நடத்தத் தொடங்கியது இதற்காகத்தான். 2012-இல் எட்ஸி நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா இதே எண்ணத்தை மென்பொருள்காரர்களுக்காக எழுதினார். மறுபக்கம் எப்படி இருக்கும் என்பதற்குப் பிரிட்டனின் தபால் துறை சாட்சி. 1999 முதல் அங்கே புகுத்தப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பி, கிளைகளை நடத்தியவர்களைத் திருடர் என்றார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. யார் என்ற கேள்விக்கு அவசரப் பதில் தேடினால் எளியவர் தலையில்தான் விடியும்.

ஆனாலும் எங்கள் கூட்டத்தில் ஒன்று விடுபட்டது. இரட்டிப்பாகக் கழிந்த தவணைகளைத் திருப்பித் தரப் பட்டியல் எடுத்தோம். இரண்டாம் முறை எடுக்கப் போனபோது கணக்கில் பணமில்லாமல் திரும்பியவர்கள் அந்தப் பட்டியலில் வரவில்லை. அவர்களிடமிருந்து எதுவும் கூடுதலாக எடுக்கப்படவில்லை அல்லவா? பாதிப்பு என்ற கட்டத்தில் அவர்களுக்குச் சுழியம். பிறகு ஒரு கிளை அலுவலர் வாட்ஸ்ஆப்பில் ஒரு பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். தவணை 1,840 போன பிறகு மீதி 412. அடுத்த வரியில் ரிட்டர்ன் சார்ஜ் 295. மீதி 117. பணமில்லாமல் கோரிக்கை திரும்பியதற்கு வங்கி போட்ட அபராதம் 250, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 45. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்த அடி விழுந்திருந்தது, எங்கள் அறிக்கையோ அவர்களைப் பாதிக்கப்படாதவர்கள் என்றது.

"ரிட்டர்ன் ஆனவங்க எல்லாரையும் தனியா எடும்மா" என்றார் என் மென்ட்டார் அக்கா. எடுத்தேன். அந்த 295 யார் தலையில் என்பதில் பல வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. வங்கி விதிப்படி வசூலித்தது, கடன் நிறுவனம் தன் தவறு இல்லை என்றது, எங்கள் பக்கம் இது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். அக்கா விடாமல் நின்றதால் கடைசியில் எங்கள் நிறுவனம் கொடுத்தது. குற்றவாளியைத் தேடாமல் இருந்தது நல்லது. அதோடு சேர்த்துக் கடனாளி யார் என்ற கேள்வியும் காணாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

நோக்கம் பெரிதா, செயல் பெரிதா என்பது பழைய வழக்கு. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், மகாவீரரின் இல்லறச் சீடர் உபாலி புத்தரோடு வாதாடப் போகிறார். உடலால் செய்வதே கனத்த தீவினை என்பது நிகண்டர், அதாவது சமணர் கட்சி, மனத்தால் செய்வதே கனம் என்பது புத்தர் கட்சி. பௌத்த நூல் ஆகையால் உபாலி அங்கே புத்தர் பக்கம் போய்விடுகிறார். சுவேதாம்பரர் போற்றும் சூத்திரகிருதாங்கத்தில் எதிர்வாதம் இருக்கிறது. குழந்தையைச் சுரைக்காய் என்று எண்ணிக் கொன்றால் கொலைப் பாவம் இல்லை என்பதுதான் நோக்கமே எல்லாம் என்பவர்களின் முடிவு என்று காட்டி, அதைச் சமணர் மறுக்கிறார்கள். தமிழில் சமணப் பெண் நீலகேசி, பௌத்தப் பெண் குண்டலகேசியோடு வாதிட்டதும் இந்தச் சண்டையின் தொடர்ச்சிதான்.

அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது நாங்கள் அத்தனை பேரும் உபாலி மாறிய கட்சியில் இருந்தோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆகவே யாருக்கும் வினை இல்லை. பாஸ்புக்கைப் பார்த்த பிறகு அது எனக்குப் போதவில்லை. அதற்காகப் பலன் ஒன்றையே பார் என்று மறுமுனைக்கு ஓடவும் முடியாது. அப்படிப் பார்த்தால் ரீட்ரை வரி எழுதிவிட்டுப் போன மனிதர் பாவி ஆகிவிடுவார்.

வழி காட்டியவர் குந்தகுந்தர். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் பொன்னூர் மலையில் அவருடைய திருவடிச் சுவடுகள் என்று நாங்கள் வணங்கும் பாதங்கள் உள்ளன. பள்ளி நாளில் ஏறும்போது எனக்கு அவர் பழைய முனிவர் ஒருவர், அவ்வளவுதான். பிராகிருதத்தில் அவர் செய்த பிரவசனசாரம் இந்த வழக்கைத் தீர்க்கும் விதமே வேறு. கவனமின்றி நடப்பவர் காலடியில் உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் அவருக்கு இம்சை உண்டு. கவனத்தோடு நடப்பவர் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் செத்தாலும் அதனால் மட்டும் அவருக்கு வினை கட்டாது. எண்ணமும் பலனும் பின்னே போய், நடந்த விதம் முன்னே வந்துவிடுகிறது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்கு இலக்கணம் சொல்கையில் அசட்டையைத்தான் முன்னே வைக்கிறது.

கவனம் என்பதைப் பெரிய துறவிகளிடம் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. என் பாட்டி தண்ணீர் வடிகட்டுவார். குடத்தின் வாயில் கெட்டியான வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, இறைத்த நீரை மெல்ல ஊற்றுவார். வடிந்து முடிந்ததும் துணியை உதறிப் போடமாட்டார். அதைத் தலைகீழாகத் திருப்பி, வடித்த நீரையே மேலே விட்டு அலசி, அந்த அலசலைச் சொம்பில் பிடித்து, இறைத்த அதே கிணற்றில் கயிறு கட்டி இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்ட பிறகே கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டினால் அடிபட்டுச் சாகும், வேறு கிணற்றில் விட்டால் அந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சாகும் என்பார். கண்ணுக்கே தெரியாத உயிர்கள் போய்ச் சேரும் இடம் வரை அவர் கவனம் போனது. எங்கள் ரீட்ரை வரி கோரிக்கையை அனுப்பியதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது. வினை வந்து சேரும் வழிகளை அது கணக்கிடுகிறது. எண்ணுதல், ஆயத்தம், தொடங்குதல் என மூன்று. மனம், சொல், உடல் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என நான்கு. பெருக்கினால் 108. மாலையில் 108 மணி ஏன் என்று கேட்டபோது வீட்டில் சொன்ன விளக்கம் இதுதான். சிறுவயதில் வாய்ப்பாடாகக் கேட்டதை அலுவலகத்தில் நேரில் கண்டேன். நிரல் எழுதுபவர் செய்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று தேதி குறிப்பவர் செய்விக்கிறார். எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அப்ரூவ் கொடுப்பவர் உடன்படுகிறார். அந்தப் பட்டன் இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி கூட வெளியே போகாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்த அந்தத் திருத்தத்துக்கும் இரண்டு அப்ரூவ் இருந்தன, எனக்குத் தெரிந்த வரை திருத்தம் வந்த சில நிமிடங்களில் கொடுக்கப்பட்டவை. அன்று அவர்கள் முன்னால் எத்தனை திருத்தங்கள் குவிந்திருந்தன, யார் அவசரப்படுத்தினார்கள் என்பது கிட்டில் பதிவாகாது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "சிஸ்டம் பெயில் ஆச்சுன்னு சொல்றது பொய்யில்லையே" என்றார். பொய்யில்லைதான். ஆனால் எங்கள் சமயத்தில் வினை கட்டுவது உயிரை மட்டும்தான். நிறுவனம் உயிர் அல்ல, சர்வரும் அல்ல. அவற்றின் மேல் சாத்திய வினைக்கு ஒட்ட இடமில்லை, அது அங்கே இருந்த மனிதர்களிடம்தான் வர வேண்டும். அபராதத் தொகை போல அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கவும் முடியாது. ஒருவருக்கு வந்ததால் மற்றவருக்குக் குறைவதில்லை. செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் அசட்டை அளவுக்கு முழுதாக உண்டு. தண்டிக்க இது உதவாது, உதவவும் கூடாது. அவரவர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

"இப்படி யோசிச்சா எவனும் கோடே எழுத மாட்டான்மா" என்றார் அக்கா. நான் அப்படி நினைக்கவில்லை. யாருக்கும் தீங்கே நேரக் கூடாது என்று குந்தகுந்தர் கேட்கவில்லை, பார்த்து நடக்கச் சொல்கிறார். நடக்கும் துறவி முன்னே நான்கு முழம் பார்த்து அடி வைக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பார்க்க வேண்டுமானால் ஓடக் கூடாது. எங்கள் வேலையில் கடினமான இடம் இதுதான், எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. பாதை முழுவதும் எங்களில் ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை, வேகத்தை வேறொருவர் முடிவு செய்கிறார். இன்டர்னாக என்னால் முடிந்தது, டிக்கெட் என்று என்னிடம் வரும் வேலைகளுக்கு நாள் கணக்குச் சொல்லும்போது இது தோற்றால் யாருக்கு என்ன ஆகும் என்று தேடிப் பார்க்க ஒரு நாள் கூடுதலாகக் கேட்டது. சில சமயம் கிடைத்தது, சில சமயம் கிடைக்கவில்லை.

அக்கா அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: இழந்தவர்கள் யார், திரும்பப் போய்ச் சேர்ந்ததா. மேலிடம் இன்னும் சம்மதிக்கவில்லை. இன்டர்னுக்கு அப்ரூவ் உரிமை கிடையாது. ஜூலையில் நான் நிரந்தரமாகச் சேர்கிறேன், அப்போது அது எனக்கும் வரும், கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் உரிமையோடு சேர்ந்து.