நடுகல்லும் நன்றிக்கடனும்
தீயணைப்போர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பிறருயிர் காக்கும் பொருட்டுத் தன்னுயிரை இடருக்குள்ளாக்கும் ஒருவருக்குச் சமுதாயம் எதனைக் கடன்பட்டிருக்கின்றது? இவ்வினாவிற்குப் பெரும்பாலும் அளிக்கப்படும் விடை புகழ் என்பதாகும். வீரர் எனப் போற்றுகின்றோம், பதக்கம் அணிவிக்கின்றோம், இறந்துபடின் மரியாதையுடன் அடக்கஞ் செய்கின்றோம். இவையனைத்தும் வேண்டுவனவே. ஆயின், புகழ் கொடுத்ததனால் கடன் தீர்ந்துவிடுகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும். இவ்வாராய்ச்சிக்குத் தீயணைப்போரின் தொழில் மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும். ஏனெனில், அத்தொழிலில் இருவகை இடர்கள் உள. ஒன்று சுவாலையாய் எல்லோர் கண்ணுக்கும் புலனாவது. மற்றையது புகையாயும் தூசியாயும் உடலினுட் புகுந்து, பல்லாண்டு கழிந்து, எவரும் பாராதபோது கொல்வது.

2001 செப்டெம்பர் 11 ஆந் திகதி நியூயோர்க் நகரின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் தாக்கப்பட்டு வீழ்ந்தபோது, அந்நகரத் தீயணைப்புத் திணைக்களத்தைச் சேர்ந்த 343 பேர் ஒரே நாளில் உயிரிழந்தனர். உலகம் அவர்களுக்குத் தலைவணங்கியது. அவர்தம் தோழர்களோ தொடர்ந்து பல மாதங்கள் இடிபாடுகளிடையே உடல்களைத் தேடினர். டிசெம்பர் மாதம் வரை ஆங்கு தீ கனன்றுகொண்டிருந்தது. சீமெந்துத் தூசியும், கண்ணாடி இழையும், கல்நாரும் அக்காற்றிலே கலந்திருந்தன. தாக்குதல் நிகழ்ந்து ஒரு வாரத்தில், அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைவர், காற்று சுவாசித்தற்குப் பாதுகாப்பானதென அறிவித்தார். அவ்வாறு பொதுப்பட உரைத்தற்கு அன்று போதிய தரவுகள் இருக்கவில்லை என்பதை அம்முகவரகத்தின் தலைமைப் பரிசோதகரே 2003 ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறினார். இடிபாடுகளில் உழைத்தோரிடையே நோயுற்று இறப்போர் தொகை ஆண்டுதோறும் வளர்ந்தது. 2023 செப்டெம்பரில் அத்திணைக்களத்தார் மத்தியில் அத்தொகையும் 343 ஐ எட்டிப் பின்னர் அதனையுங் கடந்தது. முன்னைய 343 பேரின் இறப்பை உலகம் ஒரே நாளிற் கண்டது. பின்னையோர் இறப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே நிகழ்ந்தது.

இஃது ஒரு பேரழிவிற்கு மட்டுமே உரிய நிலையன்று. இன்றைய சாதாரண வீடொன்று எரியும்போது மரமும் துணியும் மாத்திரம் எரிவதில்லை. பிளாஸ்டிக்கும், செயற்கை நுரைமெத்தையும், பூச்சுகளும் எரிகின்றன. காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு, பென்சீன் முதலிய நச்சுகள் வெளிப்படுகின்றன. புகைக்கரி புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்பது புதிய செய்தியன்று. புகைபோக்கி துப்புரவு செய்வோருக்கு விதைப்பைத் தோலில் தோன்றிய புற்றுநோய்க்கு அவர் தோலிற் படிந்த கரியே காரணமென இலண்டன் அறுவை வைத்தியர் பேர்சிவல் பொட் 1775 இலேயே எழுதினார். அவ்வாறிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக முகவரகம், தீயணைப்புத் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென ஐயத்திற்கு இடமின்றி முதலாந் தொகுதியிற் சேர்த்தது 2022 ஆம் ஆண்டிலேதான். அதுவரை அத்தொழில், புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடியன என்ற தொகுதியிலேயே வைக்கப்பட்டிருந்தது. பொட் எழுதியதற்கும் இத்தீர்மானத்திற்கும் இடையே 247 ஆண்டுகள் கழிந்தன. விஞ்ஞானம் நிதானமாக நடப்பது இயல்பே. ஆயின், அந்நிதானத்திற்கான விலையை எவர் உடல் செலுத்துகின்றது என்பது அறவியலின் வினாவாகும்.

நச்சுடன் இடர் முடிவதில்லை. ஐக்கிய அமெரிக்காவிற் கடமையின்போது இறக்கும் தீயணைப்போரிற் பெரும் பகுதியினரைக் கொல்வது தீக்காயமன்று, திடீர் மாரடைப்பே. உறக்கத்திலிருந்து மணியோசை கேட்டு எழுந்து, பாரமான உடையுடன் வெப்பத்தினுட் புகும் இதயம் தாங்கொணாச் சுமையை ஏற்கின்றது. காப்பாற்ற இயலாமற்போன குழந்தையின் முகம் கடமை முடிந்த பின்னரும் மனத்தை விட்டகல்வதில்லை. கரி படிந்த உடை வாகனத்திலேறி வீட்டுக்குச் செல்லின், தொழிலின் நஞ்சு மனைவி மக்களையுஞ் சென்றடைகின்றது. ஆகவே, பணியிலிருக்கும் நேரம், பணியில்லாத நேரம் என்னும் பாகுபாடு சம்பளப் பதிவேட்டிற்குப் பொருந்தலாம்; உடலுக்கும் உள்ளத்திற்கும் பொருந்தாது.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழுதல் கூடும். 'அவர் தாமாக விரும்பி ஏற்ற தொழிலல்லவா?' என்பது முதலாவது. இணக்கம் என்பது அறிவின் வழிப்பட்டது. அறியாத இடருக்கு எவரும் இணங்குதல் இயலாது. காற்று பாதுகாப்பானதென உரைக்கப்பட்டவர், நஞ்சினைச் சுவாசித்தற்கு இணங்கினார் எனக் கூறுதல் பொருந்துமா? மேலும், தொழிலோடு பிரிக்கவொண்ணாத இடர் வேறு. பிறரது கவனமின்மையால் நிலவும் இடர் வேறு. எரியும் கட்டடத்தின் கூரை இடிந்துவிழக் கூடுமென்பதை அறிந்தே தீயணைப்போர் உட்செல்கின்றார். முந்திய தீயின் கரி கழுவப்படாத உடையை மறுநாளும் அணிய வேண்டுமென்பது எத்தீயின் நியதியுமன்று. முன்னையதற்கு அவர் அளித்த இணக்கத்தைப் பின்னையதற்கும் சேர்த்து எழுதிக்கொள்வது ஒருவகைக் களவேயாகும்.

இரண்டாவது மறுப்பு பொருள்நிலை பற்றியது. சிறிய நகரசபையொன்று, புதிய தீயணைப்பு வாகனம் வாங்குவதா, ஒவ்வொருவர்க்கும் மாற்றுடை வாங்குவதா எனத் தடுமாறலாம். இஃது எளிதில் ஒதுக்கத்தக்க மறுப்பன்று, பொதுப்பணம் எல்லையுடையது. எனினும், மாற்றுடை வாங்காது மிச்சம் பிடித்த பணம் உண்மையில் மிச்சமாவதில்லை. ஊரார் பலர் பகிர்ந்து கொடுக்கவேண்டிய செலவு, ஒருவரின் நுரையீரலிலே கணக்கெழுதப்படுகின்றது. அன்றியும், வேண்டப்படுவனவற்றுட் பல பெருஞ்செலவினவல்ல. தீ நடந்த இடத்திலேயே உடையை நீரூற்றிக் கழுவுதல், அதனைப் பையிலிட்டுக் கட்டி நிலையத்திலேயே சலவை செய்தல், உறங்கும் அறையில் அதனை வையாதிருத்தல், சுவாலை தணிந்து கங்கு புகையும் வேளையிலும் சுவாசக் கவசத்தைக் கழற்றாதிருத்தல் ஆகியவற்றிற்குப் பணத்தினும் ஒழுங்கே பெரிதும் வேண்டும்.

ஈண்டு தீயணைப்போர்க்கும் ஒரு பொறுப்புண்டு. கரியேறிக் கருகிய தலைக்கவசத்தை அனுபவத்தின் அடையாளமாகக் கருதி, அதனைக் கழுவாது பெருமையுடன் அணியும் வழக்கம் அவரிடையே நெடுங்காலம் நிலவியது. கவசமின்றிப் புகையில் நிற்பதும், மனவேதனையை வெளியிடாது அடக்குவதும் ஆண்மையெனக் கொள்ளப்பட்டன. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையை வள்ளுவர் வீரமெனக் கொள்ளவில்லை, அறியாமையென்றே கொண்டார். கோழைமைக்கும் கண்மூடித்தனத்திற்கும் இடைப்பட்டதே வீரமென அரிஸ்டோட்டில் வகுத்தார். பிறரைக் காத்தற்கு ஏற்கும் இடர் வீரமாகும். எவரையுங் காவாத இடரை ஏற்பது வீரமாகாது. ஆயின், இவ்வழக்கத்தை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. கரி படிந்த முகத்தைப் படம்பிடித்துப் போற்றியவர் நாமே.

கடன் தீர்க்கும் வழி யாது? நியூயோர்க்கின் அனுபவம் ஒரு பாடத்தைத் தருகின்றது. அத்திணைக்களம் 2001 இற்கு முன்னரே தன் உத்தியோகத்தரின் உடல்நிலையைக் கிரமமாகப் பரிசோதித்துப் பதிவு செய்து வந்தது. அப்பதிவுகள் இருந்தமையாலேயே, தூசி அவர் நுரையீரலுக்குச் செய்த கேட்டினை முன்னும் பின்னும் ஒப்பிட்டு நிறுவ முடிந்தது. 9,853 தீயணைப்போரை ஆராய்ந்து 2011 இல் வெளியான ஆய்வு, இடிபாடுகளில் உழைத்தோரிடம் புற்றுநோய் மிகுந்திருத்தலைக் காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர்க்கு வைத்தியமும் நட்டஈடும் வழங்குதற்கான சட்டம் கைச்சாத்தாகியது. 2012 இல் புற்றுநோய்களும் அதன்கீழ்ச் சேர்க்கப்பட்டன. பதிவேடொன்றைப் பேணுதல் வெறும் அலுவலகக் கருமமன்று. அது பிற்காலத்துச் சாட்சியாகும்.

எனினும், புற்றுநோய் அச்சட்டத்துட் சேர்வதற்குப் பதினோராண்டுகள் சென்றன. இன்ன தீயின் புகையே இன்ன கட்டியைத் தோற்றுவித்தது என நோயாளி ஒருவர் எவ்வாறு நிரூபிப்பார்? கனடாவின் மனிற்றோபா மாகாணம் 2002 ஆம் ஆண்டில் இதற்கு வேறொரு நெறியை வகுத்தது. குறிப்பிட்ட காலம் பணியாற்றிய தீயணைப்போர்க்குச் சில வகைப் புற்றுநோய்கள் தோன்றின், அவை தொழிலால் வந்தனவென்றே கொள்ளப்படும். அன்றென மறுப்போரே நிரூபித்தல் வேண்டும். இது சட்ட நுணுக்கமாகத் தோன்றினும் ஆழ்ந்ததோர் அறக்கொள்கையாகும். ஐயம் நிலவுமிடத்து அதன் சுமையை யார் தாங்குவது? நமக்காகப் புகையினுட் புகுந்தவரா, புகாது வெளியே நின்ற நாமா? இவ்வினாவிற்குச் சமுதாயமொன்று அளிக்கும் விடையிலேயே அதன் நன்றியுணர்வு அளவிடப்படும்.

போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுத்த மரபு நம்முடையது. கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக அதன் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகின்றது. ஆயின், அதே நூல் தொடாக்காஞ்சி எனப் பிறிதொரு துறையையும் கூறுகின்றது. புண்பட்டு மீண்ட வீரனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்து நிற்பது அத்துறையாகும். மனையில் வேம்பு செருகி, ஐயவி புகைத்து, இசையெழுப்பிக் காவலிருந்ததைப் புறநானூறு காட்டுகின்றது. இறந்தவனுக்குக் கல்லும், புண்பட்டவனுக்குக் காவலும் என இரண்டையுமே அம்மரபு உணர்ந்திருந்தது. இன்றைய சமுதாயங்கள் கல் நடுதலை நன்கு பயின்றுள்ளன. காவலிருத்தலையோ பெரும்பாலும் மனைவியர்க்கே விட்டுவைத்துள்ளன. தீ அணைந்தபின் திரும்பி வருவோரின் மூச்சையும் உறக்கத்தையும் காப்பது ஊரின் கடமையென்று ஏற்கப்படும்போதே, நாம் அவர்க்கு எடுக்கும் நடுகற்கள் பொருளுடையன ஆகும்.